பெரிய வீடு கட்டப் போகும் தம்பிக்கு



உன் பெரியப்பா எழுதுகிறேன். உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பிய வரைபடச் சுருளும் வந்து சேர்ந்தன. பெருமாநல்லூர்ச் சாலையில் வாங்கிய 40 சென்ட் மனையில், கீழ்த்தளமும் அதன்மேல் இரண்டு தளங்களுமாக 12,000 சதுர அடி விஸ்தீரணத்தில் வீடு கட்ட உத்தேசித்திருப்பதாகவும், தை பிறந்ததும் பூமி பூஜைக்கு நாள் பார்த்திருப்பதாகவும், அதற்கு முன் என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சுவரின் கனத்தையும் கம்பியின் எண்ணிக்கையையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால், உன் அப்பா உயிரோடிருந்தால் உன்னை என்னவெல்லாம் கேட்டிருப்பானோ அவற்றையும் கேட்கும் கடமை இப்போது என்னைச் சேர்ந்திருப்பதால், இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படி. படித்ததை உன் அம்மாவிடமும் மருமகளிடமும் காட்டு.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் யார் யார் எங்கே உறங்குவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். உன் அம்மா, நீ, மருமகள், உங்கள் இரு குழந்தைகள், உன் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை என எட்டுப் பேர். படுக்கையறைகளோ ஒன்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை; படம் பார்க்க ஒரு கூடம்; உடற்பயிற்சிக்கு ஒரு கூடம்; முதல் தளத்தையும் பிளந்துகொண்டு 22 அடி உயரத்துக்கு எழும்பும் வரவேற்பறை; இவற்றுக்கெல்லாம் மேலாக இருநூறு பேர் அமரக்கூடிய ஒரு மண்டபம். நம் பாட்டனார் காலத்தில் கல்யாணம் வீட்டு வாசலில் பந்தலிட்டு நடந்தது. இணைச்சீர், எழுதிங்கள் போன்ற சடங்குகளுக்குச் சுற்றமெல்லாம் வந்து இலை முன் உட்கார்ந்தது. ஆகவே வாசலும் களமும் அகன்றிருக்க வேண்டியது அவசியமாக இருந்தது. இன்று நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கிறது. இனியும் அங்கேதான் நடக்கும். ஏனெனில் வண்டிகளை நிறுத்தும் இடமும், சமையற்காரர்களின் வசதியும், மறுநாள் கூட்டிப் பெருக்கும் பாரமும் அந்தத் திசையிலேயே நம்மைத் தள்ளுகின்றன. அப்படியிருக்க, வருஷத்தில் ஒரு நாள்கூட நிறையாத ஒரு கூடத்துக்கு இத்தனை கான்கிரீட்டும் பளிங்கும் செலவழிப்பதன் பிரயோஜனம் எனக்கு விளங்கவில்லை.

பெரிய வீடு கட்டுவதே பிழை என்று நான் கருதுவதாக நினைத்துக்கொள்ளாதே. இரண்டு ஓவர்லாக் மெஷின்களோடு வாடகைக் கொட்டகையில் ஜாப் ஒர்க் செய்யத் தொடங்கி, இரவு இரண்டு மணிக்குச் செக்கிங் மேஜையிலேயே தலைசாய்த்து உறங்கி, இன்று சொந்தக் கம்பெனியில் நேரடி ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தவன் நீ. அந்த உழைப்பின் பலன் தன் மனிதர்களுக்கு நிழலாக நிற்க வேண்டும் என்று விரும்புவது முற்றிலும் நியாயம். வீட்டின் அளவை எது நிர்ணயிக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு உன்னோடு பேச்சு. கட்டுகிற வருஷத்தின் லாபம் அதை நிர்ணயிக்கக் கூடாது. ஆர்டர் குறைந்து, நூல் விலை ஏறி, பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வெளியூர் போய்விட்ட ஒரு வருஷத்தில், எஞ்சியிருக்கிறவர்கள் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, வெள்ளையடித்து, ஒழுகும் இடத்தை அடைத்து, மின்கட்டணமும் வரியும் கட்டிச் சிரமமில்லாமல் வாழ முடியுமா என்ற ஒன்றே அதை நிர்ணயிக்க வேண்டும்.

இதற்குச் செட்டிநாட்டைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறில்லை. காரைக்குடிக்கு நீ போயிருக்கிறாய்; ஆனால் வியாபாரியின் கண்ணோடு அந்த வீதிகளில் நடந்திருக்க மாட்டாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரையில், பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், அந்த வறண்ட பூமியில் ஒரு வீதியில் முகப்பும் அடுத்த வீதியில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்பினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, உள்ளூர் மணலில் வார்த்த ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்துப் பூசிய சுவர் என்று அந்த வீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கானாடுகாத்தானில் 1912இல் கட்டிய அரண்மனையை இன்றும் உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டன. ஆயினும் அங்கே எத்தனையோ வீடுகள் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கின்றன. 1930களின் உலகப் பொருளாதார மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், பின்னர் சுதந்திர பர்மா நிலங்களையும் தொழில்களையும் தேசவுடைமையாக்கியதும் சேர்ந்து, அந்த வீடுகளை உயிரோடு வைத்திருந்த கடல்கடந்த வருமானத்தை அறுத்துவிட்டன. வாரிசுகள் பெருகிப் பங்குகள் பலவாகச் சிதறியதால், ஒருவர் ஓடு மாற்ற விரும்பினாலும் மற்றவர் சம்மதம் வேண்டும். விற்கவும் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். இந்த இக்கட்டில் பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்று விலைக்கு நிற்கின்றன. கட்டிய கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் குறையில்லை. வருமானம் ஒரு தேசத்தில், அதை நம்பிய செலவு இன்னொரு தேசத்தில் என்ற ஏற்பாட்டில்தான் குறை இருந்தது. நம் திருப்பூரின் ஏற்பாடும் அதேதான் என்பதை நீ உணர வேண்டும். உன் வருமானமும் கடல் கடந்தே வருகிறது.

திருப்பூருக்கு நேர்ந்தவற்றை நினைத்துப் பார். 2008இல் மேல்நாட்டு வங்கிகள் சரிந்தபோது இங்கே ஷிஃப்டுகள் குறைந்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது, பின்னிய துணியைச் சாயமேற்ற வழியின்றி ஊரே திகைத்து நின்றது. 2020இல் பொதுமுடக்கம். 2022இல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில், எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுப்பதே நஷ்டம் என்ற நிலை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குகளின் மேல் வரியை 50 சதவீதமாக்கிய செய்தி வந்த அன்று, நீயே தொலைபேசியில் என்னோடு பேசிய குரல் எனக்கு நினைவிருக்கிறது. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு காற்று இந்தத் தொழிலை உலுக்கிவிட்டுப் போகிறது. வீடோ அறுபது வருஷம் நிற்கப் போவது. அந்தக் காலத்துக்குள் இப்படி எத்தனை இறக்கங்களை அது காணும் என்று கணக்குப் போட்டுப் பார்.

ஆகவே பணத்தைப் பற்றி ஒரே ஒரு விதி சொல்கிறேன். அதை நீ மீறக் கூடாது. கம்பெனியில் சுழலும் பணம் வீட்டுக்கு வரக் கூடாது. சரக்கு அனுப்பிய பிறகும் பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம் ஆகும் தொழில் இது. நூலுக்கும் நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் கைவசம் ரொக்கம் இருக்க வேண்டும். வங்கி கொடுக்கும் பேக்கிங் கிரெடிட்டோ, ஆர்டரைத் தைத்து அனுப்புவதற்காகக் கொடுக்கப்படுவது. அதிலிருந்து கம்பி வாங்கியவன் முதலில் நூல்காரரிடம் தவணை கேட்கிறான். பிறகு ஜாப் ஒர்க் செய்து கொடுத்த சிறிய மனிதர்களுக்குத் தர வேண்டியதைத் தள்ளிப் போடுகிறான். வீடு பாதியில் நிற்க, கம்பெனியும் தள்ளாடத் தொடங்குகிறது. ஆண்டுதோறும் லாபத்திலிருந்து ஒதுக்கித் தனிக் கணக்கில் சேர்த்து வைத்த தொகை எவ்வளவோ, அதில் முக்கால் பங்குக்கு ஒரு வீட்டைத் திட்டமிடு. மீதிக் கால் பங்கு, கட்டுமானம் தொடங்கிய பின் ஏறும் விலைக்கும், எவரும் எதிர்பாராத வேலைக்கும் போய்விடும். வீட்டுக் கடன் வாங்க நேர்ந்தால், கம்பெனியை ஈடு காட்டாமல், மாதத் தவணை உன் சொந்தச் சம்பளத்துக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் வாங்கு.

இந்தக் கணக்கின்படி நீயும் உன் தம்பியும் சேர்ந்து 6,000 சதுர அடிக்குள் ஒரு வீட்டைக் கட்டலாம் என்பது என் மதிப்பு. அதுவே எட்டுப் பேருக்குத் தாராளம். இங்கே செட்டிநாட்டார் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அவர்கள் வீட்டில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி அவனுக்கென்று ஓர் அறை. சில காலத்துக்குப் பின் 'வேறு வைத்தல்' என்று முறைப்படி தனிச் சமையலும் தனிச் செலவும் ஏற்பட்டுவிடும். ஆனாலும் கூரை ஒன்று, முற்றம் ஒன்று, பெற்றோர் நடுவில். சேர்ந்து வாழ்வதற்கும் தனித்து வாழ்வதற்கும் உள்ள சச்சரவை அவர்கள் சுவர் எழுப்பும்போதே தீர்த்து வைத்தார்கள். உன் வரைபடத்திலோ ஒரே பெரிய சமையலறையும் ஒரே மாடிப்படியும் இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் இன்று எவ்வளவு பிரியமாக இருந்தாலும், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து, மருமக்கள் வந்து, உணவு முறையும் உறங்கும் நேரமும் வேறுபடும் காலம் வந்தே தீரும். நடுவில் ஒரு முற்றம் விட்டு, கிழக்கே ஒரு பகுதியும் மேற்கே ஒரு பகுதியுமாக, ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, தனிப் படி, தனி மின்மானி, தனித் தண்ணீர்க் குழாய் என்று இப்போதே பிரித்துவிடு. முற்றமும் பூஜையறையும் அம்மாவின் அறையும் பொதுவில் இருக்கட்டும். நாளை பத்திரத்தில் பாகம் பிரிக்க நேர்ந்தாலும் எந்தச் சுவரையும் இடிக்க வேண்டியிராது. இதை உன் தம்பியோடும் அவன் மனைவியோடும் சேர்ந்து உட்கார்ந்து, கூச்சமில்லாமல் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றம் என்றதும் உன் ஆர்க்கிடெக்ட் முகம் சுளிக்கக்கூடும். இடம் வீணாகிறது என்பார். தாராபுரத்தில் நான் இருக்கும் நம் பூர்வீகத் தொட்டிக்கட்டு வீட்டை நினைத்துப் பார். சித்திரை வெயிலில் முற்றத்தையொட்டிய ஆசாரத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிறது. காரணம், கனமான மண்சுவரும், ஓட்டின்கீழ் அடங்கிய நிழலும், சூடான காற்றை மேலே விட்டுவிடும் அந்தத் திறந்த நடுவும்தான். பழமை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இலங்கையின் பெரும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பு நகரின் நெருக்கத்தில் ஒரு சிறிய மனையில், எனா டி சில்வா என்னும் கலைஞருக்காக 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு, நடு முற்றத்தைச் சுற்றியே அமைந்தது. நவீன காலத்துக் குடும்பமும் அதில் சுகமாக வாழ்ந்தது. பிற்காலத்தில் அந்த மனை கைமாறியபோது, வீட்டின் கல்லையும் ஓட்டையும் தூணையும் எண்ணிட்டுக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுனுகங்கையில் மறுபடி நிறுத்தினார்கள். இடித்துத் தள்ள மனம் வராத வீடு என்றால் அது அப்படி இருக்க வேண்டும்.

உன் மனை மேற்குப் பார்த்தது. அந்த மேற்கு முகத்தில் 22 அடி உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர் வரைந்திருக்கிறார்கள். மாசியிலிருந்து வைகாசி வரையில் பிற்பகல் வெயில் முழுவதும் அதன் வழியாக உள்ளே இறங்கும்; அதைத் தணிக்க நீ பொருத்தப் போகும் குளிர்சாதனங்களின் மின்கட்டணம் மாதந்தோறும் உன்னைத் தேடி வரும். நம் பிரதேசத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வரப்பிரசாதம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து புகுந்து வரும் காற்றில்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் காற்றை வீட்டுக்குள் அழைக்க வேண்டும், வெயிலைத் தடுக்க வேண்டும். மேற்கே மாடிப்படியையும் குளியலறைகளையும் சாமான் அறையையும் வைத்து வெயிலுக்குக் கவசமாக்கு. ஜன்னல்களைச் சிறிதாக, ஆழ்ந்த சன்ஷேடுடன் அமை. வேம்பும் புங்கனும் இப்போதே நட்டால், வீடு முடிவதற்குள் ஆள் உயரம் வந்துவிடும். தென்கிழக்கில் சமையலறை என்று நம் பெரியோர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள். மேல்காற்று வீசும் மாதங்களில் அடுப்பின் சூடும் புகையும் வீட்டுக்குள் திரும்பாமல் வெளியேறிவிடும். வாஸ்துவின் மற்ற விதிகளில் மனச் சமாதானம் கிடைக்குமானால் பார்த்துக்கொள். வெயிலையும் காற்றையும் கெடுக்கும் விதியை மட்டும் தள்ளிவிடு.

இனி மண். உன் மனையின் கீழ்க்கோடியில் முன்பு கிராவல் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்ததையும், விற்றவர்கள் அதைக் கண்ட மண்ணைக் கொட்டி நிரப்பியதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேற்புறம் நல்ல செம்மண், அடியில் வெங்கச்சங்கல். கீழ்ப்புறம் கொட்டிய மண். இந்த இரண்டின் மேலும் ஒரே ஆழத்தில் கடைக்கால் போட்டால், ஒரு பக்கம் நிற்கும், மறுபக்கம் இறங்கும். சுவர் மூலைவாட்டில் வெடிக்கும். குறைந்தது நான்கு இடங்களில் துளையிட்டு மண் பரிசோதனை செய்து, கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டித் தரை வரையில் கடைக்கால் வானம் தோண்டச் சொல். பல்லடத்துக் கரிசலில் வீடு கட்டிய உன் நண்பன் வீட்டு வெடிப்புகளை நீ பார்த்திருக்கிறாய். அந்த மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அங்கே வேறு வகைக் கடைக்கால் வேண்டும். உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இந்தப் பள்ளம் ஒன்றுதான்.

தண்ணீரைப் பற்றி நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படி. ஏனெனில் திருப்பூரில் வீடு கட்டுகிறவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதையே. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு வேண்டும். வெளுக்கக் குளோரின் கலந்த சரக்குகள் வேண்டியிருந்தன. பல வருஷங்கள் அந்தக் கழிவு நொய்யலில் ஓடியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறி, உழவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. ஆற்றின் நிறம் இன்று மாறியிருக்கலாம். நிலத்துக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. உன் மனையின் போர்வெல் நீரை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கிறது. அந்த நீரில் கான்கிரீட் கலந்தால், அதிலுள்ள குளோரைடு கம்பியின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைத் தின்றுவிடும். கம்பி துருப்பிடித்துப் பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கூரையின் அடிப்பக்கம் செதில் செதிலாக உதிரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கும், சல்ஃபேட் 400 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்பது இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 விதித்த எல்லை. நீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்தில் முடிவு வாங்கு. எல்லை தாண்டியிருந்தால் வேறு நீர் வாங்கு; லாரித் தண்ணீரானாலும் சரி, அது எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று விசாரித்து, அதையும் சோதித்து, அதற்கென ஒரு தொட்டி கட்டிச் சேமித்துக்கொள். கலவைக்கு நல்ல நீரும், கொட்டிய கான்கிரீட்டை நனைத்து ஆற வைப்பதற்குப் போர்வெல் நீரும் என்று மேஸ்திரி மாற்றி வைப்பார். அதற்கும் இடம் கொடுக்காதே.

ஆற வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தையில் தொடங்கினால் தூண்களும் முதல் தளமும் கோடையின் உச்சத்தில் வரும். இப்போது கடையில் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு, நம் வெயிலில், பதினான்கு நாட்கள் விடாமல் ஈரம் காட்ட வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள், தூண்களை மறந்துவிடுவார்கள். தூண்களில் சாக்கைச் சுற்றி நனைக்கச் சொல். அதற்கென்று ஒரு ஆளை நியமித்துவிடு. அவனுக்கு வேறு வேலை கொடுக்காதே.

மழையைச் சேர்ப்பது 2003ஆம் வருஷம் முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். பெரும்பாலானவர்கள் சான்றிதழுக்காக ஒரு குழியைத் தோண்டி ஜல்லி நிரப்பி விடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. உன் மொட்டை மாடி 3,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று கணக்கிட்டு, ஆவியாவதும் சிந்துவதும் போக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், 1,30,000 லிட்டருக்குக் குறையாமல் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு பெரிய நிலத்தடித் தொட்டியில் பிடித்து வைத்தால், சமையலுக்கும் குடிப்பதற்கும் கோடை வரையில் வரும். 22 அடி வரவேற்பறைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

அறைகளின் அளவைக் காகிதத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளாதே. பையர் சாம்பிளைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் ஒரு கிலோ துணியைக்கூட நீ கட்டிங் மேஜையில் விரிக்க மாட்டாய். வீட்டுக்கும் அப்படி ஒரு சாம்பிள் உண்டு. மனையைச் சமன் செய்ததும், கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் எல்லா அறைகளையும் நிஜ அளவில் தரையில் வரையச் சொல். குடும்பம் முழுவதும் போய் அதற்குள் நடந்து பாருங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் கட்டிலைப் போடுங்கள். சமையலறையிலிருந்து சாப்பிடும் இடத்துக்கு எத்தனை அடி என்று மருமகள் நடந்து பார்க்கட்டும். சமையல் மேடையின் உயரம், அங்கே நின்று சமைக்கிறவர்களின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஆர்க்கிடெக்டின் வழக்கமான அளவு நம் வீட்டுப் பெண்களின் தோளுக்கு வலி. பின்புறத்தில் ஒரு பொடக்காணி, பாத்திரம் துலக்க, துணி துவைத்துக் காய வைக்க, வடகம் போட, நிழலும் வெயிலும் கலந்த ஓர் இடம் விட வேண்டும். உன் வரைபடத்தில் அது அறவே இல்லை. அம்மாவின் அறையை லிஃப்டை நம்பி முதல் தளத்தில் வைத்திருக்கிறீர்கள். லிஃப்ட் நிற்கும் நாளில் அவர் அறைக்குள் அடைபட்டிருப்பார். கீழ்த்தளத்தில், முற்றத்தைப் பார்த்தபடி, படியில்லாத வாசலும் மூன்றடி அகலக் கதவும் கைப்பிடி வைத்த குளியலறையுமாக அவருக்கு அறை வேண்டும். வருகிறவர் போகிறவரோடு பேசிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர். தனிமையில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஒப்பந்த விஷயத்தில் விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, நீ வியாபாரி. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், வேலை வேலையாக அளந்து பணம் கொடுக்கும் முறையில் எழுது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளந்த பிறகே அடுத்த தொகையைக் கொடு. கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் கொட்டும் முன், ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேர். உடம்பு இடம் கொடுத்தால் அந்த ஒருவராக நானே இருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வேலை தொடங்கும் முன் முதலில் எழும்ப வேண்டியது வேலைக்காரர்களுக்கான கொட்டகையும் கழிப்பறைகளும். சித்தாள் பெண்கள் காலையிலிருந்து மாலை வரையில் ஒதுங்க இடமின்றித் தவிப்பதை எத்தனையோ தளங்களில் பார்த்திருக்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சென்ட்ரிங் அடிக்கும் பையன்கள் தகரத்தின்கீழ் வெந்து உறங்குவதையும் பார்த்திருக்கிறேன். உன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆடிட்டர் வரும்போது தீயணைப்புக் கருவியையும் கழிப்பறை எண்ணிக்கையையும் சரிபார்த்து வைக்கிறாய் அல்லவா? எந்த ஆடிட்டரும் வராத இந்தத் தளத்திலும் அதே கணக்கு வேண்டும். சாரத்தில் ஏறுகிறவனுக்கு இடுப்புக் கயிறும் தலைக்கவசமும், கிணற்றருகே வேலியும், சனிக்கிழமை மாலையே கூலியும் கொடுத்துவிடு.

தை முதல் நாள் முகூர்த்தத்தை இப்போதைக்குத் தள்ளி வை. மண் சோதனையும் நீர்ச் சோதனையும் முடிந்து, உன் தம்பியோடு பேசி எழுதிக்கொண்டு, திருத்திய வரைபடம் கைக்கு வந்தபின் மாசியில் நல்ல நாள் பார்க்கலாம். கான்கிரீட் தளங்கள் ஐப்பசிக்குள் முடிய அதுவே போதும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்க்கிடெக்டையும் உன் தம்பியையும் அழைத்துக்கொண்டு தாராபுரம் வா. பட்டா நகலையும், பள்ளம் இருந்த இடத்தைக் குறித்த பழைய புல வரைபடத்தையும் மறக்காமல் எடுத்து வா. மருமகளிடம் மேடை உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி அனுப்பச் சொல். உன் பெரியம்மா, உன் அம்மாவுக்குக் கொள்ளும் நல்லெண்ணெயும் எடுத்து வைத்திருக்கிறாள். போகும்போது கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
பெரியப்பா